சுயவிபரக்கோவையின் முதற் பக்கத்தில் எதை வைப்பது?

கேள்வி: கணக்கியலில் உயர் தேசிய டிப்ளோமாவை முடித்துள்ள நான், புறக்கோட்டையில் என் மாமா நடத்தும் இரும்புக்கடையில் 2022 முதல் பகுதி நேரமாகக் கணக்குகளைப் பார்த்து வருகிறேன். இப்போது தனியார் நிறுவனமொன்றில் கணக்கு உதவியாளர் பதவிக்கு விண்ணப்பிக்கவிருக்கிறேன். என் சுயவிபரக்கோவை நான்கு பக்கங்களுக்கு நீள்கிறது. பாதியை நீக்கிவிடும்படி தோழி சொல்கிறாள்; எதையும் விட்டுவிடாதே என்கிறார் அம்மா. பிரதியை இத்துடன் அனுப்பியுள்ளேன். என்ன செய்வது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் பிரதியின் முதற் பக்கத்தைத் தந்தையின் பெயர், மதம், அடையாள அட்டை இலக்கம், சாதாரண தரத்தின் ஒன்பது பாடங்களுக்கான பெறுபேறுகள் ஆகியன நிரப்பியிருக்கின்றன. இந்தப் பதவிக்கு உங்களைத் தகுதியாக்கும் அனுபவமோ மூன்றாம் பக்கத்தின் அடியில், "மாமாவின் கடையில் உதவி" என்று ஒரே வரியாக ஒதுங்கிக் கிடக்கிறது. விண்ணப்பங்களைப் பிரிப்பவர் அதுவரை வாசிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. விளம்பரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, அதில் கேட்கப்பட்டவற்றுக்கு விடையாக அமைபவற்றை முதற் பக்கத்தின் மேற்பாதிக்குக் கொண்டுவாருங்கள்.

பெயர், தொலைபேசி, மின்னஞ்சல் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக டிப்ளோமாவும், அதையடுத்துக் கடை அனுபவமும் வரட்டும். கடை உறவினருடையது என்பதால் வேலை சிறிதாகிவிடாது. "கணக்கு உதவியாளர் (பகுதி நேரம்), 2022 முதல்" என்று தலைப்பிட்டு, நாளாந்தக் காசேடு எழுதியது, வங்கிக் கணக்கிணக்கக் கூற்றுத் தயாரித்தது, கடன்பட்டோரின் நிலுவைகளைப் பின்தொடர்ந்தது என உண்மையில் செய்தவற்றை மட்டும் எழுதுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 வீதத்தையும் தொழில்தருநரின் 12 வீதத்தையும் கணக்கிட்டு மாதந்தோறும் செலுத்தும் பொறுப்பு உங்களிடம் இருந்திருந்தால், அதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். சம்பளப் பட்டியலில் கைவைத்த ஒருவரைப் புதிதாகப் பழக்க வேண்டியதில்லை என்பது கணக்குப் பிரிவினருக்கு நன்றாகத் தெரியும்.

மொழித் திறனை நீங்கள் கடைசிப் பக்கத்தில் வைத்திருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. வழங்குநர்களும் வாடிக்கையாளர்களும் மும்மொழியிலும் பேசும் கொழும்பில் அது முதற் பக்கத்துக்குரியது. "சரளம்" என்று பொதுவாக எழுதாமல், சிங்களத்தில் பேசுவீர்களா, கடிதமும் எழுதுவீர்களா என்று பிரித்துச் சொல்லுங்கள்.

சாதாரண தரப் பெறுபேறுகளை, விளம்பரம் கேட்கும் பாடங்களுடன் (பெரும்பாலும் கணிதமும் ஆங்கிலமும்தான்) ஒரே வரியில் இரண்டாம் பக்கத்தில் அடக்கிவிடலாம். மாணவத் தலைவியாக இருந்ததற்கும் அங்கே ஒரு வரி போதும். மதமும் தந்தையின் பெயரும் தேவையில்லை. அடையாள அட்டை இலக்கத்தையும், கேட்டாலொழிய, எழுதாதீர்கள்: புதிய 12 இலக்க எண்ணின் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த வருடத்தையும், அடுத்த மூன்று பிறந்த நாளையும் காட்டுகின்றன, பெண்களுக்கு அந்த மூன்றுடன் 500 கூட்டப்படுவதால் பாலும் தெரிந்துவிடும். முன்பின் அறியாத பல கைகளுக்குப் போகும் தாளில் இவ்வளவும் எதற்கு? அம்மாவின் தயக்கத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. வர்த்தமானியில் வரும் அரச பதவிகளுக்கு அங்கே தரப்படும் மாதிரிப் படிவத்தை ஒரு கூறும் விடாமல் நிரப்பத்தான் வேண்டும். தனியார் துறைக்கு அந்த வழக்கத்தை அப்படியே கொண்டுவர வேண்டியதில்லை.

இறுதியாக, உங்களைப் பற்றி விசாரிக்கக்கூடிய இருவரின் பெயர்கள். உறவினரல்லாதோரையே நிறுவனங்கள் பொதுவாக எதிர்பார்ப்பதால் மாமாவை அங்கே குறிப்பிட வேண்டாம். ஆனால் நேர்முகத்தில் கேட்டால் உறவை மறைக்கவும் வேண்டாம். உங்கள் விரிவுரையாளர் ஒருவரும், கடையின் கணக்குகளைப் பரிசோதிக்க வெளியிலிருந்து வரும் கணக்காய்வாளர் இருந்தால் அவரும் பொருத்தமானவர்கள், ஏனெனில் அவர் உங்கள் ஏடுகளையே பார்த்தவர். இருவரிடமும் முன்கூட்டியே சம்மதம் கேட்டு, விண்ணப்பிக்கும் பதவி எது என்பதையும் சொல்லிவையுங்கள்.