எட் மெத்ஸ் எடுக்காவிட்டால் குடி முழுகிப்போகாது

போன சனிக்கிழமை பினாங்கின் பிறை வட்டாரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா லாரி ஓட்டுகிறார். அம்மா விடியற்காலையில் நாசி லெமாக் பொட்டலம் கட்டிக் கடைகளுக்குப் போடுகிறார். மகள் அடுத்த ஆண்டு படிவம் நான்கு, அதாவது இடைநிலைப்பள்ளியின் நான்காம் ஆண்டு. பாடத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிப் பள்ளியில் பாரம் கொடுத்திருக்கிறார்கள். எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று வீட்டில் இரண்டு வாரமாகப் பஞ்சாயத்து. சுபாங்கில் இருக்கும் தாய்மாமாவின் மகன் இஞ்சினியர். மாமா தினமும் வாட்சாப்பில் குரல்பதிவு அனுப்புகிறார்: "எட் மெத்ஸ் எடுக்காத பிள்ளைக்கு எந்தக் கதவும் திறக்காது." எட் மெத்ஸ் என்றால் கூடுதல் கணிதம்.

"டீச்சர், இவளால முடியும்தானே? நல்ல டியூசன் போட்டா சரியாயிடும்தானே?" என்று கேட்கும்போதே அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முடியும்மா, கவலைப்படாதீங்க என்று சொல்லி அனுப்ப ஒரு நிமிடம் போதும். அப்படி அனுப்பிய பிள்ளைகளில் சிலர் ஒன்றரை வருடம் கழித்து, முகம் இருண்டு, மறுபடியும் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் அந்தப் பெண்ணிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினேன்.

நான் கொடுத்த ஐந்து கணக்கும் படிவம் மூன்றைத் தாண்டாதவை. 2,000 வெள்ளியை ஆண்டுக்கு 4 விழுக்காட்டில் போட்டு, அரையாண்டுக்கு ஒருமுறை கூட்டு வட்டி சேர்த்தால் மூன்று ஆண்டில் எவ்வளவு வரும்? கால்குலேட்டரைத் தட்டி 2,252 வெள்ளி 32 காசு என்றாள். "ஆறு தடவை ரெண்டு ரெண்டு பெர்சென்ட்" என்று வழியையும் சொன்னாள். அடுத்தது இயற்கணிதப் பின்னம். மேலே எக்ஸ் கூட்டல் ஆறு, கீழே எக்ஸ். இரண்டு எக்ஸையும் அடித்துவிட்டு விடை ஆறு என்றாள். ஏன் அடிக்கக்கூடாது என்று விளக்கினேன், தலையாட்டினாள். எண்களை மாற்றி இன்னொன்று கொடுத்தேன். மறுபடியும் அடித்தாள்.

பள்ளித் தேர்வில் கணிதத்துக்கு 71 வாங்கியிருக்கிறாள். வீட்டில் எல்லாரும் அந்த 71-ஐ வைத்துத்தான் வாதாடுகிறார்கள். அந்த 71 எந்தக் கேள்விகளிலிருந்து வந்தது என்று யாரும் தாளைப் புரட்டிப் பார்க்கவில்லை. சேமிப்பும் முதலீடும், கடன், அளவுப்படம், இவற்றில் அள்ளியிருக்கிறாள். காரணிப்படுத்துதலிலும் சூத்திரத்தை மாற்றி எழுதுவதிலும் கோட்டை விட்டிருக்கிறாள். கூடுதல் கணிதமோ அந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது. சார்பு, மடக்கை, வகையிடல், தொகையிடல் என்று எந்தப் பாடத்தைத் திறந்தாலும் முதல் வரி முடிந்ததும் இயற்கணிதம்தான் ஓடும். மற்றவர்கள் வகையிடலைப் படிக்கும்போது இவள் பின்னத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள்.

அப்பா அதுவரை பேசவில்லை. பிறகு மெதுவாகத் தன் திட்டத்தைச் சொன்னார். இரண்டு டியூசன் சென்டர், வீட்டுக்கு வரும் ஆசிரியர் ஒருவர், எல்லாம் சேர்த்து மாதம் 380 வெள்ளி. பணம் ஊழியர் சேமநிதியின் அக்காவுன் பிளெக்சிபெலிலிருந்து வரும். 2024 மே மாதம் அந்தக் கணக்கு வந்ததிலிருந்து, நினைத்த நேரத்தில் எடுக்கலாம் என்பதே நம் ஆட்களுக்கு ஒரு தைரியம். 24 மாதத்துக்குப் பெருக்கினால் 9,120 வெள்ளி. அண்ணே, வேண்டாம் என்றேன். மகளுக்கு விருப்பமில்லாத ஒரு பாடத்துக்காக உங்கள் முதுமைக் காசைத் தொடாதீர்கள். இந்த விஷயத்தில் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது.

விருப்பமில்லை என்று நானாகச் சொல்லவில்லை. அவளிடமே கேட்டேன். அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னிடம், "எனக்கு அம்மாவோட கணக்கு எழுதத்தான் பிடிக்கும் டீச்சர்" என்றாள். அம்மா சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு 555 நோட்டை, கடைக்காரர்கள் கணக்கு எழுதும் அந்தச் சின்ன நோட்டை, எடுத்துக் கொடுத்தார். எந்தக் கடைக்கு எத்தனை பொட்டலம், எத்தனை திரும்பி வந்தது, யார் எவ்வளவு பாக்கி, முட்டை விலை ஏறிய நாள், எல்லாம் அவள் கையெழுத்தில். ஒரு கடைக்காரர் மாதக்கணக்கில் 18 வெள்ளி குறைத்துக் கொடுத்துவந்ததைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். இப்படி ஒரு பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வாரமாக எதைப் பற்றிச் சண்டை போட்டீர்கள்?

படிவம் ஐந்து முடித்துப் போகும் மெட்ரிகுலேசன், அசாசி, தனியார் டிப்ளோமா பற்றியெல்லாம் சொந்தக்காரர்கள் உங்களுக்கு மனப்பாடமாகச் சொல்லியிருப்பார்கள். நான் விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாத ஒன்று அதே பாரத்திலேயே இருந்தது: பிரின்சிப் பெராக்காவுனான், அதாவது கணக்கியல்.

அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பிரிவினையைக் கல்வி அமைச்சு 2020-இலேயே எடுத்துவிட்டது. இப்போது இருப்பவை பாடத் தொகுப்புகள். ஆனால் நம் குடும்பங்களின் மனதில் அந்தச் சுவர் இன்னும் இடியவில்லை. கணக்கியல் என்றால் "கடைசி வகுப்புப் பிள்ளைகள் எடுப்பது" என்ற பேச்சும் ஓயவில்லை. அந்தப் பாடத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ரசீது, விலைப்பட்டியல் போன்ற மூல ஆவணங்களில் தொடங்கும். அங்கிருந்து முதற்பதிவேடு, பேரேடு, இருப்பாய்வு, கடைசியில் ஐந்தொகை. ஒவ்வொரு நடவடிக்கையும் இரண்டு இடத்தில் பதிவாக வேண்டும், ஒரு பக்கம் பற்று, ஒரு பக்கம் வரவு. இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் பிழையைத் தேடித் தூங்காமல் உட்கார்ந்திருப்பீர்கள். அந்தப் பெண் ஏற்கெனவே 18 வெள்ளிக்காக அப்படி உட்கார்ந்தவள். படிவம் ஐந்தில் பங்காண்மை, செலவுக் கணக்கு, மன்றங்களின் கணக்கு எல்லாம் வரும். நம் கோயில் நிர்வாகங்களில் ஆண்டுக்கூட்டம்தோறும் எந்தக் கணக்குக்காக மைக்கைப் பிடுங்கிக்கொள்கிறார்களோ, அதுதான் இந்த மன்றக் கணக்கு. முழுமையற்ற பதிவுகள் என்றும் ஒரு பாடம் உண்டு. அரைகுறையாக எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து ஒரு வியாபாரத்தின் லாபத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். 555 நோட்டை நீட்டி, இதுதான் அந்தப் பாடம் என்றேன். அம்மாவுக்கு நம்பிக்கையே வரவில்லை.

இதோடு கட்டாயப் பாடமான சாதாரணக் கணிதம். அதை "வெறும் மெத்ஸ்" என்று சொல்கிறவர்கள் புத்தகத்தைத் திறந்து பார்க்காதவர்கள். படிவம் நான்கில் கூட்டு நிகழ்தகவு, வரைபடக் கோட்பாட்டு வலைப்பின்னல், நிதி நிர்வாகம். படிவம் ஐந்தில் அணிகள், காப்புறுதி, வரி, கணித மாதிரியமைப்பு. இன்சூரன்ஸ் ஏஜென்டிடம் ஏமாறாமல் இருக்க இதைவிடப் பெரிய கணிதம் வேண்டியதில்லை. இதில் ஏ வாங்கி, கணக்கியலிலும் ஏ வாங்கிய சான்றிதழுக்கு இருக்கும் பலம், கூடுதல் கணிதத்தில் ஜி, அதாவது தோல்வி, விழுந்த சான்றிதழுக்குக் கிடையாது. டியூசனுக்குச் செலவழித்த 9,120 வெள்ளி அந்த ஜியை அழித்துத் தராது.

படிவம் ஐந்தின் இறுதியில் வரும் எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் எங்கே? ஆறாம் படிவம். பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கிறார்கள். அரசாங்கப் பள்ளி, மூன்று பருவம், தனியார் கல்லூரியின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் செலவு ஒன்றுமே இல்லை. அங்கே கணிதம் எம், டி என்று இரண்டு வகையாக இருக்கிறது. அறிவியல் பக்கம் போகிறவர்களுக்கு டி. பொருளியல், கணக்கியல் பக்கம் போகிறவர்கள் எம் எடுக்கலாம், அதில் புள்ளியியலும் நிதிக் கணிதமும் வரும். கணிதம் எம், பெராக்காவுனான் என்ற கணக்கியல், எக்கோனமி என்ற பொருளியல், கட்டாயமான பெங்காஜியான் ஆம் என்ற பொதுப் பாடம், இப்படி ஒரு கூட்டணி இந்தப் பெண்ணுக்குப் பொருந்தும். எம்மிலும் இயற்கணிதம் உண்டு. அதனால் அந்தப் பின்னப் பழக்கத்தை இந்த விடுமுறையிலேயே சரிசெய்ய வேண்டும், அதற்கு டியூசன் சென்டர் தேவையில்லை, படிவம் இரண்டு புத்தகம் போதும். பட்டப்படிப்புக்குச் சிந்தோக்கில் இருக்கும் உத்தாரா மலேசியா பல்கலைக்கழகம் பினாங்கிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. ஒவ்வொரு பட்டப்படிப்பும் எந்தப் பாடத்தில் என்ன தேர்ச்சி கேட்கிறது என்பதை மட்டும் அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் யூபியூ பக்கத்தில் அந்தந்த ஆண்டு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மாமா சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று நம்ப வேண்டாம்.

வேலை இருக்குமா என்று அப்பா கேட்டார். 2024 ஆகஸ்ட் 1-இல், ஆண்டு விற்பனை 100 மில்லியன் வெள்ளியைத் தாண்டிய நிறுவனங்களோடு இ-இன்வாய்ஸ், அதாவது மின்னியல் விலைப்பட்டியல், கட்டாயமானது. அதற்குப் பிறகு கட்டம் கட்டமாகச் சிறிய நிறுவனங்களை நோக்கி இறங்கி வந்தது. ஜார்ஜ்டவுன் கடைத்தெருவில் ஜவுளிக்கடை, மளிகைக்கடை வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள், கணக்கு தெரிந்த நம்பிக்கையான ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்வார்கள்.

இது சுலபமான வழி என்று நினைத்துவிட வேண்டாம். கணக்கியலைத் தினமும் கையால் எழுதிப் பழக வேண்டும், தேர்வுக்கு முந்தின இரவு படித்துத் தப்பிக்க முடியாது. எல்லாப் பள்ளியிலும் இந்தப் பாடம் கிடையாது, முதலில் அதை விசாரியுங்கள். நடுவில் மாறிக்கொள்ளலாம் என்று முதலில் கூடுதல் கணிதத்தில் உட்கார வைத்தால், மாறும்போது பேரேடு வரைக்கும் பாடம் ஓடியிருக்கும். இன்னொன்று, பொறியியல், இயற்பியல், காப்பீட்டுக் கணிதம் என்று மனம் வைத்த பிள்ளைக்கும், எக்ஸைத் துரத்துவதில் சுகம் காணும் பிள்ளைக்கும் கூடுதல் கணிதம் வேண்டும். அவர்களை நானே பிடித்துத் தள்ளுவேன். மாமாவின் மகன் அப்படிப்பட்ட பிள்ளையாக இருந்திருப்பான்.

பாரத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டுமாம். கையெழுத்தை அப்பா போடுங்கள், டிக்கை அவள் போடட்டும் என்றேன். "என் தம்பி கேட்டா என்ன சொல்றது டீச்சர்?" என்றார் அம்மா. என் எண்ணைக் கொடுக்கச் சொன்னேன். மாமா இன்னும் கூப்பிடவில்லை.