உதவித்தொகை நின்றால் காப்பீட்டு அட்டையும் போய்விடுமா? (குடியாத்தம்)

போகாது. உங்கள் அம்மாவின் முதியோர் உதவித்தொகை நின்றதற்கும் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கும் சம்பந்தமில்லை. உதவித்தொகை சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார் பொறுப்பு. அட்டை, வேலூர் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்தின் வேலை.

அரசின் செலவைக் குறைக்க இரண்டையும் ஒரே அதிகாரியிடம் கொடுத்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆபரேஷன் அனுமதிக்குக் காத்திருப்பவரின் கோப்பு உதவித்தொகை மனுக்களுக்கு அடியில் கிடக்கும்.

ஆதாரும் வங்கிக் கணக்கும் சரியாக இணையாததாலும் உதவித்தொகை நிற்கலாம். முதலில் வங்கியில் அதைப் பாருங்கள். அப்புறம் 1800 425 3993-க்கு அழைத்து, ரேஷன் கார்டு எண்ணைச் சொல்லி, அட்டை நடப்பில் உள்ளதா என்று கேளுங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: ரேஷன் கார்டில் அம்மா பெயர் நீக்கப்பட்டிருந்தால் அட்டையிலும் சிக்கல் வரும்.