சின்னத் தட்டும் சொல்லிச் செய்த காக்டெயிலும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பெங்களூரில் நாங்கள் வழக்கமாகப் போகும் உணவகத்தில் மெனு முழுக்க ‘ஸ்மால் பிளேட்ஸ்’தான், அதாவது பகிர்ந்து சாப்பிடும் சின்னத் தட்டுகள். நான்கு பேருக்கு எத்தனை சொல்வது? எல்லாம் ஒரே நேரத்தில் வந்து ஆறிப்போகிறது.
– வாசகர், ஓசூர்

பதில்: இரவுச் சாப்பாடே அதுதான் என்றால் ஆளுக்கு இரண்டு தட்டு கணக்கு. ஆனால் எட்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடாதீர்கள். இப்படிப்பட்ட இடங்களில் எது முதலில் தயாராகிறதோ அது முதலில் மேசைக்கு வரும். முதல் சுற்றில் சாலட், சீஸ் என்று ஆறினாலும் கெடாதவை மூன்று போதும். அவை பாதி காலியானதும் பொரித்ததைச் சொல்லுங்கள். பொரித்தது சில நிமிடம் காத்திருந்தாலே உள்ளேயிருக்கும் ஆவி மேல்மாவை நமுத்துப்போகச் செய்துவிடும். வயிறு நிறைக்கும் பாவ், குல்ச்சா வகைகள் கடைசிக்கு. தட்டுக்கு எத்தனை துண்டு என்றும் கேளுங்கள். மூன்று என்றால் கூடுதல் காசுக்கு இன்னொன்று வைக்க முடியுமா என்று கேட்பதில் தவறில்லை.

கேள்வி: மெனுவில் இல்லாத காக்டெயில் ஒன்றைச் செய்து தரச் சொன்னேன். சர்க்கரைப் பாகுதான் வந்தது.
– வாசகி, கோவை

பதில்: “நல்லதா ஏதாவது போடுங்க” என்று விட்டால் பார்டெண்டர் இனிப்புப் பக்கம்தான் ஒதுங்குவார், யாரும் திருப்பி அனுப்பாத சுவை அது. எந்த மது, புளிப்பா கசப்பா, சின்ன கிளாஸா சோடா ஊற்றிய உயரக் கிளாஸா, எது ஆகாது – இவ்வளவையும் சொல்லுங்கள். “ஜின், புளிப்பு தூக்கலா, சின்ன கிளாஸ், முட்டை வேண்டாம்” என்றால் அவருக்குப் போதும். சவர் வகைகளில் (மது, எலுமிச்சைச் சாறு, பாகு சேர்ந்த காக்டெயில்கள்) நுரைக்காக முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பதுண்டு, சைவக்காரர்கள் கவனிக்க. மை டாய் போன்ற ரம் காக்டெயில்களில் பாதாம் சிரப் இருக்கும். ஒவ்வாமை உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சவர் வகைக்குப் பொதுவான அளவு: மது 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 22, சம அளவு சர்க்கரையும் நீரும் கலந்த பாகு 22. இனிப்பு பிடிக்காதவர்கள் பாகை 15 ஆக்கச் சொல்லலாம். “சர்க்கரையே வேண்டாம்” என்றால் மட்டும் வம்பு: புளிப்பும் மதுவின் காரமும் நாக்கில் நேரே இறங்கும். உங்களுக்குத் திகட்டியதற்குக் காரணம் பெரும்பாலும் லிக்கர் எனும் மணமூட்டிய இனிப்பு மதுவாக இருக்கும். ஆரஞ்சு, எல்டர்ஃபிளவர் (ஒரு வகைப் பூ) லிக்கர்களில் ஏற்கெனவே சர்க்கரை உண்டு. அதை ஊற்றிவிட்டுப் பாகைக் குறைக்காவிட்டால் எந்த எலுமிச்சையாலும் காப்பாற்ற முடியாது.

சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக் கூட்டத்தில் இந்த ஆசையெல்லாம் வேண்டாம். சீக்கிரமே போய் பார் கவுன்டரில் உட்காருங்கள். விலையையும் முன்பே கேட்டுவிடுங்கள். எந்த பிராண்ட் ஊற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்து அது எகிறும்.

கேள்வி: பெப்பர் சிக்கனோடு நெக்ரோனி குடித்தால் வாய் பற்றி எரிகிறதே?
– வாசகர், திருச்சி

பதில்: எரியத்தான் செய்யும். நெக்ரோனியில் ஜின், கம்பாரி (கசப்பான சிவப்பு மது), இனிப்பு வெர்மூத் (மூலிகை சேர்த்த ஒயின்) மூன்றும் சம அளவு, ஜூஸ் கிடையாது. காரத்தை உணரும் அதே நரம்பு முனைகளை மதுவும் தூண்டுகிறது. சோடா ஊற்றிய காக்டெயிலுக்கு மாறினாலும் அதன் குமிழி குத்தும். காரத்துக்குத் தேங்காய்ப்பால் சேர்ந்த பீனா கொலாடா மாதிரி ஏதாவது சொல்லுங்கள், கொழுப்பு எரிச்சலை அடக்கும். நெக்ரோனிக்கு ஆலிவ், உப்பு முந்திரி பொருந்தும். உப்பு பட்டால் கசப்பு தணியும்.

கேள்வி: ஒரே ஒரு காக்டெயில்தானே, வண்டி ஓட்டலாமா?
– வாசகர், சென்னை

பதில்: கூடாது. 42.8 சதவீத மது 60 மில்லியில் ஏறக்குறைய 20 கிராம் ஆல்கஹால். 60 கிலோ எடையுள்ளவர் வெறும் வயிற்றில் குடித்தால் 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் போகலாம். சட்டம் அனுமதிப்பது 30. ஓட்டுபவருக்கு எலுமிச்சைச் சாறு 22 மில்லி, பாகு 15, ஒரு சிட்டிகை உப்பு, மேலே 120 மில்லி டானிக் வாட்டர் ஊற்றித் தரச் சொல்லுங்கள். டானிக்கின் கசப்பு இருப்பதால் குழந்தைகளுக்கான ஜூஸ் போல இருக்காது.