எம்.பி.யிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது? முன்னாள் படைவீரர் கேள்வி–பதில்

கேள்வி: ஓய்வூதியம் குறைவாக வருகிறது என்று எங்கள் தொகுதி எம்.பி.யிடம் மனு கொடுத்து ஓராண்டு ஆகிறது. ஒன்றும் நடக்கவில்லை. நம் விஷயத்தில் ஓர் எம்.பி.யால் உண்மையிலேயே என்னதான் செய்ய முடியும்?
(ஓய்வுபெற்ற ஹவில்தார், வேலூர் மாவட்டம்)

பதில்: நிறையவே முடியும். ஆனால் உங்கள் குறை எந்த வகை என்று முதலில் பிரித்துப் பாருங்கள். விதி சரியாக இருந்து, உங்கள் கணக்கில் மட்டும் தப்பு என்றால், திருத்த வேண்டியவர்கள் உங்கள் சேவை ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசும் பிரயாக்ராஜில் இருக்கும் ராணுவ ஓய்வூதியக் கணக்கு அலுவலகமும்தான். எம்.பி. அதற்குக் கடிதம் எழுதலாம், விரைவுபடுத்தலாம். விதியே உங்களைப் போன்ற எல்லோரையும் பாதிக்கிறது என்றால் மட்டும்தான் நாடாளுமன்றத்தில் வேலை இருக்கிறது.

ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் வந்த கதையைப் பாருங்கள். இதற்காகக் கொடுத்த மனு மாநிலங்களவையின் மனுக்கள் குழுவிடம் போனது. குழுத் தலைவர் பகத்சிங் கோஷ்யாரி. நிர்வாகச் சிக்கல், சட்டச் சிக்கல், நிதிச் சிக்கல் என்று அரசுத் தரப்பு மூன்று தடைகளைச் சொன்னது. குழு அத்தோடு விடவில்லை. எவ்வளவு செலவாகும் என்று கணக்குக் கேட்டது. ஆண்டுக்கு 1,300 கோடி ரூபாய், அதில் 1,065 கோடி அதிகாரிகள் அல்லாதவர்களுக்கு என்று பதில் வந்தது. அந்த எண் வெளியே வந்ததும் நிதித் தடை பெரிதாகத் தெரியவில்லை. 2011 டிசம்பரில் வந்த அறிக்கை, ஒரே பதவியில் ஒரே சேவைக் காலம் முடித்தவர்களுக்கு, எப்போது ஓய்வு பெற்றிருந்தாலும் ஒரே ஓய்வூதியம் என்று வரையறை எழுதியது. பின்னாளில் கூடும் ஓய்வூதியம் பழையவர்களுக்குத் தானாகவே வந்து சேர வேண்டும் என்றும் சொன்னது.

குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. 7.11.2015 அரசாணையில் அந்தத் ‘தானாகவே’ இல்லை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுநிர்ணயம் என்றே வந்தது. 1.7.2014 முதல் அமல், அடிப்படை ஆண்டு 2013, அந்த ஆண்டில் ஓய்வு பெற்றவர்களின் குறைந்தபட்ச அதிகபட்ச ஓய்வூதியத்தின் சராசரி. இந்த வித்தியாசம்தான் உச்ச நீதிமன்றம் வரை போனது. 16.3.2022 தீர்ப்பு அரசின் முறையில் சட்டக் குறை இல்லை என்றது. ஆனால் 1.7.2019 தேதியிட்டு மறுநிர்ணயம் செய்யவும் உத்தரவிட்டது. அடுத்தது 1.7.2024. அந்தக் கணக்கில் இனி 1.7.2029.

இப்போது எம்.பி.யின் கையில் உள்ள கருவிகள். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் அவையிலேயே வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். நட்சத்திரமில்லாக் கேள்விக்கு எழுத்தில் பதில். இரண்டுக்கும் 15 முழு நாள் முன்னறிவிப்பு தேவை. ஆகவே கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு ஓடுவதில் பயனில்லை, முன்பே கொடுங்கள். பலரும் கவனிக்காத ஒன்று: ‘பரிசீலனையில் உள்ளது’ என்று அமைச்சர் சொன்னால் அது வாக்குறுதியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், நிறைவேறுகிறதா என்று பார்க்க அரசு உறுதிமொழிக் குழு என்றே ஒன்று இருக்கிறது. மழுப்பலான பதில் வந்துவிட்டதே என்று மனம் தளராதீர்கள். அந்தத் தேதியைக் குறித்து வைத்து, மூன்று மாதம் கழித்து எம்.பி. அலுவலகத்தில் மறுபடி நில்லுங்கள்.

கேள்வி: மனுவை எப்படி எழுதினால் எடுபடும்? பத்துப் பக்கம் எழுதிக் கொடுத்தும் பதில் இல்லை.
(ஓய்வுபெற்ற நாயக், தேனி மாவட்டம்)

பதில்: பத்துப் பக்கம்தான் பிரச்சினை ஐயா. ஒரு மனு, ஒரு குறை, ஒரு பக்கம். மேலே சர்வீஸ் நம்பர், ஓய்வுபெறும்போது இருந்த பதவி, குரூப் (ஊதியப் பிரிவு), டிஸ்சார்ஜ் தேதி, பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) எண். அடுத்து இப்போது வருவது எவ்வளவு, வர வேண்டியது எவ்வளவு, எந்தச் சர்க்குலரின் எந்த அட்டவணைப்படி. ஒரே பதவி ஒரே ஓய்வூதியத்தின் முதல் நிர்ணயத்துக்கு பிரயாக்ராஜ் அலுவலகத்தின் சர்க்குலர் 555, 2019 மறுநிர்ணயத்துக்கு 666.

அட்டவணையில் வரிசை அரை ஆண்டுக் கணக்கில் போகும். இங்கேதான் அதிகம் தப்பு நேர்கிறது. மூன்று மாதமோ அதற்கு மேலோ இருந்தால் அரை ஆண்டு, ஒன்பது மாதம் இருந்தால் முழு ஆண்டு. 17 வருடம் 2 மாதம் 28 நாள் என்றால் 17-க்கான வரிசை. இன்னும் இரண்டு மூன்று நாள் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தால் 17.5. டிஸ்சார்ஜ் புக்கில் உள்ள மொத்தக் காலத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சேவைக் கணக்கில் சேராத நாட்களைக் கழித்துவிட்டுப் பாருங்கள். ‘எனக்கு அதிகம் வர வேண்டும்’ என்று வரும் மனுக்களில் சில இந்த இடத்திலேயே முடிந்துவிடும். கணக்கு சரியாக இருந்தும் குறைந்தால் உங்கள் வழக்கு உறுதியானது.

எம்.பி.க்குப் போகும் முன் படைவீரர் ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்திலோ மத்திய அரசின் குறைதீர் தளத்திலோ புகாரைப் பதிந்து எண் வாங்குங்கள். அந்த எண்ணும் பதிலும் எம்.பி.யின் கடிதத்தோடு போனால் ‘மனுதாரர் எங்களை அணுகவே இல்லை’ என்று திருப்ப முடியாது. எம்.பி. கடிதத்துக்கு 15 நாளில் ஒப்புகை, அடுத்த 15 நாளில் பதில் என்பது மத்திய அரசு அலுவலக நடைமுறை. எனவே கடித நகலைக் கேட்டு வாங்கி, தேதியைப் பார்த்து நினைவூட்டுங்கள்.

கேள்வி: எம்.எல்.ஏ.விடம் கேட்கலாமா?
(மறைந்த படைவீரரின் மனைவி, மதுரை மாவட்டம்)

பதில்: ஓய்வூதியத்துக்கு வேண்டாம் அம்மா. மத்திய அரசு தரும் ஓய்வூதியம் மத்தியப் பட்டியலில் இருக்கிறது, சட்டமன்றத்துக்கு அதில் அதிகாரம் இல்லை. மாநில அரசின் உதவிகள், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காலியிடம், தாமதம் இவற்றுக்கு எம்.எல்.ஏ.தான் சரியான ஆள்.

மத்திய படைவீரர் வாரியத்தின் நிதியுதவிகளும் அதே மாவட்ட அலுவலகம் வழியாகத்தான் போகும். 1.11.2025 முதல் அவற்றில் மூன்று இரட்டிப்பாகியுள்ளன. ஓய்வூதியம் இல்லாத 65 வயது கடந்தவர்களுக்கு வறுமை உதவி மாதம் 8,000 ரூபாய், பிள்ளைகள் இருவர் வரை படிப்புக்கு மாதம் 2,000, மகள் திருமணத்துக்கு ஒரு லட்சம். ஹவில்தார் வரையிலான பதவியினருக்கும், அவர்களில் மறைந்தவர்களின் மனைவியருக்கும் இவை. பழைய தொகையைச் சொல்லி விண்ணப்பம் எழுதித் தருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கவனம்.

இன்னொன்று. மனைவியின் பெயர் டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருந்தால் குடும்ப ஓய்வூதியம் நின்றுபோகும். ஒரே எழுத்து, அல்லது இனிஷியல் முன்னா பின்னா என்பதுகூடப் போதும். கணவர் உயிரோடிருக்கும்போதே ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதித் திருத்த வேண்டிய வேலை இது. எம்.பி., எம்.எல்.ஏ. யாரும் தேவையில்லை.

கேள்வி: முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். பட்டியலில் உள்ள மருத்துவமனை கட்டணம் கேட்கிறது. என்ன செய்வது?
(ஓய்வுபெற்ற சுபேதார், திருச்சி)

பதில்: அவசரம் இல்லாத சிகிச்சைக்குப் பாலிகிளினிக்கின் (இ.சி.எச்.எஸ். சொந்த மருத்துவ நிலையம்) ரெஃபரல் இருந்தால் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் எழுத்தில் தரச் சொல்லி, பாலிகிளினிக் பொறுப்பு அதிகாரியிடம் அன்றே கொடுங்கள். அவசரத்தில் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகில் உள்ள பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும். பிறகு பில்லைக் கொடுத்தால் மத்திய அரசு நிர்ணயித்த கட்டண அளவுக்கு மட்டும் திரும்பக் கிடைக்கும்.

அரசு பாக்கி வைப்பதால் மருத்துவமனைகள் கைவிரிக்கின்றன என்பது உங்கள் ஊருக்கு மட்டுமான குறை அல்ல. உங்கள் மாவட்டத்து மருத்துவமனைகளுக்கு எத்தனை மாத பில் நிலுவை, எவ்வளவு தொகை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வந்த எண்ணை எம்.பி.யிடம் கொடுங்கள். பாதுகாப்பு அமைச்சகச் செலவுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்னால் கொடுத்தால் இன்னும் நல்லது. கோஷ்யாரி குழு அந்த 1,300 கோடியைக் கேட்டு வாங்கியதுபோல, அவருக்கும் கையில் ஓர் எண் வேண்டும்.