பிரேக் பெடல் மெல்ல இறங்குதே: பேட் மாற்றினால் சரியாகுமா?

சிக்னலில் மிதித்தபடி நின்றால் ஆல்டோவின் பெடல் மெல்ல இறங்குகிறது, பிரேக் ஆயில் குறையவில்லை, மெக்கானிக் பேட் (முன் சக்கர டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) மாற்றச் சொல்கிறார் என்கிறீர்கள். பேட் தேய்ந்தால் பெடல் இப்படி இறங்காது. அந்தச் செலவை நிறுத்தி வையுங்கள்.

சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, பெடலை ஒரே சீராக அரை நிமிடம் அழுத்திப் பாருங்கள். ஸ்டார்ட் செய்யும்போது கொஞ்சம் இறங்குவது பூஸ்டர் (மிதிக்கும் விசையைக் கூட்டும் பாகம்) வேலை, அதை விடுங்கள். அப்புறமும் நழுவினால் சந்தேகம் மாஸ்டர் சிலிண்டர் (மிதிக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம்) மேல்தான். உள்ளே ரப்பர் சீல் தேய்ந்து, அழுத்தத்தில் இருக்கும் ஆயில் அதைத் தாண்டித் திரும்பிவிடும். வெளியே ஒரு சொட்டுகூடச் சிந்தாது, அதனால்தான் அளவு குறையவில்லை. இருந்தாலும் பின் டிரம்களைக் கழற்றி, வீல் சிலிண்டர் (சக்கரத்தில் பிரேக்கை விரிக்கும் சின்ன சிலிண்டர்) ரப்பரை விரலால் விலக்கி ஈரம் இருக்கிறதா பாருங்கள். இரண்டு மூன்று தடவை மிதித்தால் பெடல் கெட்டியாகிறது என்றால் பிரேக் லைனில் புகுந்த காற்றோ, டிரம் பிரேக் இடைவெளி அட்ஜஸ்ட்மென்டோ காரணம்.

சீல் கிட் மலிவுதான், ஆனால் சிலிண்டர் உள்சுவரில் கீறல் இருந்தால் வீண். முழு மாஸ்டர் சிலிண்டரையே மாற்றுவது நல்லது. பிரேக் ஆயில் டப்பா மூடியில் போட்டிருக்கும் டாட் (DOT, ஆயிலின் வகை) எண்ணைப் பார்த்துப் புது ஆயில் ஊற்றி, நான்கு சக்கரத்தின் பிரேக் லைனிலும் காற்று எடுக்கச் சொல்லுங்கள். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள், ஒர்க்‌ஷாப்புக்குக்கூட டோ பண்ணித்தான்.