மலையேறும்போது திக்குகிற பிக்கப்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேத்தி வாசகர்: ஏழு வருடம் ஓடிய டீசல் பிக்கப் ஒன்றை மூன்று மாதம் முன்பு வாங்கினேன் அண்ணா. மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் இறக்கிவிட்டு, உர மூட்டையோடு திரும்பும்போது பர்லியார் பக்கம் திடீரென்று இழுவை போய்விடுகிறது. ஆக்சிலேட்டரை அழுத்தினாலும் ஒரு நொடி திக்கிவிட்டுத்தான் கிளம்புகிறது. தினமும் வருவதில்லை. இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சுகிற நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள் தம்பி. இன்ஜெக்டர் கெட்டால் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே தெரியும்: நடுக்கம், புகை, காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம். உங்களுடையது ஏற்றத்தில் மட்டும், அதுவும் எப்போதாவது வருகிறது. ஏற்றத்தில் இன்ஜினுக்கு டீசல் அதிகம் வேண்டும். பாதி அடைத்த ஃபில்டர் சமதளத்துக்குப் போதுமானதைக் கொடுத்துவிடும், லோடோடு ஏறும்போதுதான் கையை விரிக்கும். நம் ஊர்க் குளிரில் பாதி டேங்க் டீசலோடு ராத்திரி நிறுத்தினால் உள்சுவரில் ஈரம் கோத்துக்கொள்ளும். அதனால் முதலில் ஃபில்டருக்கு அடியில் இருக்கிற திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் டீசல் பிடித்து வையுங்கள். பத்து நிமிடத்தில் தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும்.

அதில் ஒன்றும் இல்லையென்றால், ஸ்கேனர், அதாவது வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற கருவி, வைத்திருக்கிற மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதே லோடோடு கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏறுங்கள். திக்கும் அந்த நொடியில் மூன்று எண்களைப் பார்க்கவேண்டும். முதலாவது ரெயில் பிரஷர், அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கிற குழாயில் இருக்கும் அழுத்தம். வண்டியின் கம்ப்யூட்டர் கேட்டது ஒன்று, கிடைத்தது அதைவிடக் குறைவு என்றால் டீசல் வரும் வழியில் கோளாறு: ஃபில்டர், டேங்குக்குள் இருக்கிற வலை, காற்று இழுக்கிற ஹோஸ், பம்ப். நீங்கள் அழுத்திக்கொண்டே இருக்க பெடல் எண் மட்டும் விழுந்தால் பெடல் சென்சார் அல்லது அதன் வயர். இரண்டும் சரியாக இருந்து இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போவின் பிரஷர் விழுந்தால் டர்போவையும் அதன் ஹோஸ்களையும் பாருங்கள்.

நானும் இப்படி ஒரு வண்டியில் மாட்டியிருக்கிறேன். கோயம்புத்தூரில் வாங்கியது. ஃபில்டர் இரண்டு முறை, பம்ப் ஒரு முறை மாற்றியும் தீரவில்லை. கடைசியில் குன்னூரில் ஒரு வயதான எலக்ட்ரீஷியன், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வயர்க் கட்டை ஒவ்வொரு இடமாகப் பிடித்து மெல்ல அசைத்தார். ஒரு கிளாம்ப் பக்கம் கை போனதும் இன்ஜின் மூச்சுத் திணறியது. உறை தேய்ந்து, உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. பம்ப் காசு போனது போனதுதான்.

ஊட்டி வாசகர்: டேங்கில் அடிட்டிவ் ஊற்றினால் திக்கல் நிற்குமா?

நிற்காது. அந்தக் காசுக்கு ஃபில்டர் வாங்குங்கள்.

கோத்தகிரி வாசகர்: காரமடையில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தே வாங்கினேன், அப்போது அருமையாக இருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் மூன்று இடத்தில் திக்கியது. என்ன செய்வது?

காரமடை ரோட்டில் எந்த வண்டிதான் திக்கும்? இதை எத்தனை தடவை சொல்வது என்றே தெரியவில்லை. மலையில் ஓடப்போகிற வண்டியை மலையில் ஓட்டிப் பாருங்கள், லோடு ஏற்றி ஓட்டிப் பாருங்கள், விற்கிறவர் ஒப்புக்கொள்ளவில்லையென்றால் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காமல் எழுந்து வாருங்கள். காலையில் போய் முதல் வேலையாக பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டிவைத்திருக்கிறார்கள், ஆறிய இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்று நீங்கள் பார்க்கவே முடியாது. ஸ்கேனரில் எரர் கோடு (கோளாறைச் சொல்லும் குறியீடு) எதுவும் வரவில்லை என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். எரர் கோடுகளை அழித்தபின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைப் பல வண்டிகளில் ஸ்கேனரே காட்டும். அது பத்து, இருபது என்று இருந்தால், எதற்காக அழித்தார்கள் என்று அங்கேயே கேளுங்கள். சரி, வாங்கியாயிற்று. கேத்திக்காரருக்குச் சொன்னதை வரிசையாகச் செய்யுங்கள்.

குன்னூர் வாசகர்: வண்டி வாங்கி ஆறு மாதம். ஆர்சி இன்னும் பழையவர் பெயரில்தான். அவசரமில்லையே?

சட்டம் கொடுத்தது 30 நாள். இன்ஷூரன்ஸை மாற்ற 14 நாள். நாளைக்கே போங்கள்.

கூடலூர் வாசகி: கணவர் தானே ஓட்டிப் பிழைக்க வாங்கிய வண்டி சார். ஒரு மாதத்துக்கு இன்ஜின் கேரண்டி என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்தார்கள். பத்தாம் நாளே ஏற்றத்தில் நின்றது. இப்போது போனை எடுப்பதில்லை. தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் வழக்கு செல்லாது என்கிறார்கள்.

தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள் அம்மா. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கியவரும் 2019 சட்டப்படி நுகர்வோர்தான். பில்லில் எழுதிக் கொடுத்தது உங்கள் பெரிய பலம், அதைப் பத்திரமாக வையுங்கள். வேறு பட்டறையில் கோளாறு என்னவென்று எழுதி வாங்குங்கள். அதற்கு முன் எதையும் கழற்றவிடாதீர்கள். அப்புறம் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கும் போன் செய்து புகாரைப் பதியுங்கள். பதில் வராவிட்டால் ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வண்டிக்குக் கொடுத்தது 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை, 2 வருடத்துக்குள் மனு போடவேண்டும். நோட்டீஸ் எழுதத் தெரியவில்லையென்றால் பில்லின் நகலை எனக்கு அனுப்புங்கள், நானே எழுதித் தருகிறேன்.