கயிறு இழுத்தே தோள் போச்சு: பழைய அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்னால் மாட்டுவது) கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, தாத்தா ஓட்டின 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் மோட்டார், ரெண்டு சிலிண்டர். எட்டு வருஷமா கொட்டகையில கிடக்கு. எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?

பதில்: முதல் வேலை, கயிற்றை இழுக்காமல் இருப்பது. பிளக் இரண்டையும் கழற்றி, சிலிண்டருக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு ஒரு நாள் அப்படியே வையுங்கள் தம்பி. மறுநாள் பிளக் மாட்டாமலே, இன்ஜின் உச்சியிலுள்ள கனத்த சக்கரமான பிளைவீலைக் கடிகாரம் சுற்றும் பக்கமாகக் கையால் மெல்லத் திருப்புங்கள். திரும்பினால் பாதிக் கவலை தீர்ந்தது.

அப்புறம் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும் பலம்), தீப்பொறி, பெட்ரோல், இதே வரிசையில் பாருங்கள். நிறைய பேர் நேரே கார்புரேட்டரில் கை வைக்கிறார்கள். கம்ப்ரஷனே இல்லாத இன்ஜினுக்குக் கார்புரேட்டரைப் பளபளவென்று துடைத்து என்ன பயன்? பிளக் துளையில் கம்ப்ரஷன் அளக்கும் கேஜை மாட்டி, பிளக் வயர்களை எர்த் செய்து, திராட்டிலை முழுக்கத் திறந்து நாலைந்து முறை இழுங்கள். மோட்டாருக்கு மோட்டார் எண் மாறும். இரண்டு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து, பதினைந்து சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். பார்த்துவிட்டு எண்களைச் சொல்லுங்கள்.

கேள்வி: தீப்பொறி சுத்தமா வரல. புது பிளக் போட்டும் அதே கதை.

பதில்: இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்சின் கிளிப் மாட்டியிருக்கிறதா? சிரிக்காதீர்கள், அரை நாள் தேடிவிட்டு நானே அசடு வழிந்திருக்கிறேன். அது சரியாக இருந்தால், பிளைவீலுக்கு அடியில் பாயின்ட் (தீப்பொறிக்காகத் திறந்து மூடும் மின் தொடுமுனை) உள்ள பழைய மாடலா என்று பாருங்கள். சும்மா கிடந்தாலே பாயின்டில் பாசி மாதிரி ஒரு படலம் படியும். கெட்டியான வெள்ளை அட்டையை நடுவில் விட்டு இழுங்கள். அட்டை கறுப்பாக வரும். கறுப்பு நிற்கும்வரை இழுத்தால் பல மோட்டார்கள் அங்கேயே உயிர் பெறும். இடைவெளியை மேனுவலில் சொன்ன அளவுக்கு வையுங்கள். பழைய ஜான்சன், எவின்ரூட் பலவற்றில் அது 0.020 அங்குலம். பிளைவீலைக் கழற்ற, இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர்தான் வேண்டும், சுத்தியல் கூடாது. தீப்பொறி பார்க்கும்போது பக்கத்தில் திறந்த பெட்ரோல் கேன் இருக்கக் கூடாது.

கேள்வி: ஸ்டார்ட் ஆகுது, அஞ்சு நிமிஷம் நல்லா ஓடுது, அப்புறம் மூச்சுத் திணறி நின்னுடுது. கொஞ்ச நேரம் விட்டா மறுபடி ஓடுது.

பதில்: டேங்க் மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறந்தீர்களா? அது மூடியிருந்தால் பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் ஹோஸில் கையால் அழுத்தும் ரப்பர் பல்பு சப்பிப் போய்விடும். திறந்தும் அதே கதை என்றால், நிற்கப் போகிற நேரத்தில் பல்பை அழுத்துங்கள். அழுத்தினால் சமாளித்து ஓடுகிறதா? பெட்ரோல் பம்பின் டயாபிரம் கிழிந்திருக்கலாம், அல்லது பழைய ஹோஸ் எங்கோ காற்று இழுக்கிறது.

கேள்வி: பக்கத்துத் துளையில தண்ணி பீச்சல. இம்பெல்லரை நானே மாத்தலாமாக்கா, அண்ணனா தெரியல, மன்னிக்கணும்!

பதில்: அண்ணன்தாம்மா. இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம்தானே, தாராளமாக மாற்றலாம். முதலில் அந்தத் துளையில் மெல்லிய நைலான் நரம்பை விட்டுக் குடையுங்கள்; சில நேரம் குளவி கட்டிய மண்கூடுதான் காரணமாக இருக்கும். அப்படியும் வராவிட்டால் கீழ்ப்பகுதியை இறக்க வேண்டும். கியர் மாற்றும் கம்பியின் இணைப்பை விடுவிக்காமல் போல்ட்டைக் கழற்றி இழுத்தால் கம்பி வளைந்துவிடும், கவனம்.

பம்ப் மூடியைத் திறந்ததும் பழைய இம்பெல்லரின் இதழ்களை எண்ணுங்கள். ஒன்று உடைந்து காணாமல் போயிருந்தால் அந்தத் துண்டு தண்ணீர்க் குழாய் வழியாக மேலே போயிருக்கிறது. அதைத் தேடி எடுத்த பிறகுதான் புதியதை மாட்ட வேண்டும். நான் ஒருமுறை தேடாமல் மாட்டினேன். இரண்டாம் நாள் பிஸ்டன் சூட்டில் பிடித்துக்கொண்டது, இன்ஜின் போச்சு.

புது இம்பெல்லரில் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரைத் தடவி, அதைத் தண்டோடு பிடிக்கும் சின்னச் சாவித் துண்டை மறக்காமல் வைத்து, தண்டைக் கடிகாரப் பக்கமாகச் சுற்றிக்கொண்டே மூடியை இறக்குங்கள். இதழ்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுக்கும். தண்டின் பல்லுக்குப் பக்கவாட்டில் மட்டும் கிரீஸ், உச்சியில் வேண்டாம். அங்கே கிரீஸ் நின்றால் தண்டு முழுதாக உட்காராது. ஏற்றும்போது தண்ணீர் மேலே போகும் செப்புக் குழாய் தன் ரப்பர் வளையத்துக்குள் போகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு பம்புக்கு மேல் தண்ணீர் நிற்கும்படி டிரம்மில் வைத்து ஓட்டுங்கள். "ரெண்டே செகண்டுதானே" என்று தண்ணீரில்லாமல் ஓட்டினால் புது இம்பெல்லரும் காலி.

கேள்வி: பைக்குக்கு ஊத்துற டூ-டி (2T) ஆயில் ஊத்தலாமா? எவ்வளவு?

பதில்: வேண்டாம். தண்ணீரில் குளிரும் இன்ஜினுக்கு டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று போட்ட எண்ணெய்தான். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. மிகப் பழைய மோட்டார்களுக்கு எண்ணெய் கூடுதலாக வேண்டும். மேனுவல் சொல்வதே கணக்கு.

கேள்வி: கியர் ஆயில் மோர் மாதிரி வெள்ளையா வருது.

பதில்: தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, சீல் மாற்ற வேண்டும். புரொப்பல்லரைக் கழற்றிப் பாருங்கள், அந்தத் தண்டில் மீன் நரம்பு சுற்றி சீலை அறுத்திருப்பது சகஜம். புது எண்ணெயைக் கீழ்த் துளை வழியாக ஏற்றி, மேல் துளையில் வழிந்ததும் மேல் திருகை முதலில் மூடுங்கள். பழைய ஜான்சன், எவின்ரூட் சிலவற்றில் பக்கத்திலேயே நட்சத்திரத் தலைத் திருகு ஒன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள். அது கியர் நெம்புகோலைப் பிடித்திருப்பது. கழற்றினால் கீழ்ப்பெட்டி முழுவதையும் பிரிக்க நேரும்.

கேள்வி: ஷியர் பின் உடைஞ்சுது, ஆணி போட்டேன். சூப்பரா ஓடுது.

பதில்: அடுத்த பாறை வரைக்கும் ஓடும். புரொப்பல்லரைத் தண்டோடு பிடிக்கும் அந்தப் பின் உடைவதற்கென்றே வைத்தது. அது உடையாவிட்டால் கியர் உடையும்.

கேள்வி: மோட்டார் நழுவி உப்புத் தண்ணில விழுந்துடுச்சு, ஒரு மணி நேரம் கழிச்சு எடுத்தோம். அப்புறம் பிரிக்கலாம்னு ஓரமா வச்சிருக்கேன்.

பதில்: இப்போதே எழுந்து போங்கள். நல்ல தண்ணீரில் கழுவி, பிளக் கழற்றி, தலைகீழாகச் சாய்த்துத் தண்ணீரை வடித்து, எண்ணெய் விட்டுச் சுற்றி, இன்றைக்கே ஓட்டியாக வேண்டும். முடியாவிட்டால் நல்ல தண்ணீர் டிரம்மில் முழுக்கி வையுங்கள். உப்புப்பட்ட இன்ஜினைக் காற்றுதான் தின்னும். ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்ததா? அப்படியானால் கயிறு இறுகும் இடத்தில் பலம் போடாதீர்கள், கனெக்டிங் ராடு வளைந்திருக்கக்கூடும்.

கேள்வி: அண்ணே, தாத்தா மோட்டார்காரன். மேல் சிலிண்டர் 105 பிஎஸ்ஐ, கீழ் 60.

பதில்: கீழ்ச் சிலிண்டரில் இன்னொரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி அளங்கள். எண் ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் கரியில் ஒட்டியிருக்கலாம். கார்பன் கரைக்கும் திரவம் ஊற்றி ஒரு ராத்திரி ஊற விடுங்கள். அசையவே இல்லையென்றால் ஹெட்டைக் கழற்றி கேஸ்கெட்டைப் பாருங்கள், அப்படியே சிலிண்டர் சுவரில் நகத்தை வைத்து இழுங்கள். நகம் மாட்டுகிற கீறல் இருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள், சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் போரிங் வேலைதான். போல்ட் இறுகியிருந்தால் முதலில் ஒரு நூல் முறுக்கி, அப்புறம் தளர்த்துங்கள்.